விழாவுக்குப் போய்விட்ட வழிகாட்டி

போன வாரம் சந்திரகிரி சாலையில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு காபிக் கடைக்குப் போயிருந்தேன். வாசலில் ‘நாய்களுக்கு நல்வரவு’ என்று பலகை. பக்கத்து மேசையில் உள்ளங்கை அளவு நாயொன்று கிண்ணத்தில் நுரையை நக்கிக்கொண்டிருந்தது. அதற்குத் தனி நாற்காலி. எனக்கு நாற்காலி கிடைக்கப் பத்து நிமிடம் ஆனது. ஷாம்பு போட்ட நாய்முடியின் வாசனை ஏசி காற்றில் வந்து மோதியதும் டைமண்ட் ஞாபகம் வந்துவிட்டது.

டைமண்ட், பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டப் பழக்கிய லாப்ரடார். அப்போது நான் திருப்பதியில் ஒரு தர்ம ஸ்தாபனத்தில் வேலையில் இருந்தேன். நன்கொடையாளர்களுக்கு உருக்கமாகக் கடிதம் எழுதுவதுதான் வேலை. இருபத்திரண்டு வயதில் எனக்கு உருக்கம் குழாய்த் தண்ணீர் மாதிரி வரும். நாய்க்கான செலவை ஏற்றவர் ஒரு நகைக்கடைக்காரர், அதனால் அந்தப் பெயர். கடைப் பெயரை முழுசாக வைக்கத்தான் ஆசைப்பட்டார். கூப்பிட்டு முடிப்பதற்குள் நாய் தெருமுனைக்குப் போய்விடும் என்று எங்கள் செயலாளர் கெஞ்சிக் குறைத்தார்.

நாயைப் பெற்றுக்கொண்டவர் சரோஜாக்கா. நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். பிறவியிலேயே பார்வை கிடையாது. திருப்பதியில் ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். ஒரு மாதம் வெளியூரில் தங்கி டைமண்டோடு நடக்கப் பழகி வந்திருந்தார். அவனுக்கு லெஃப்ட், ரைட், ஃபார்வர்ட் என்று இங்கிலீஷ் மட்டும்தான் புரியும். தெலுங்கும் தமிழும் ஒரே வாக்கியத்தில் புரளும் எங்கள் தெருவில் சுத்தமான இங்கிலீஷ் கேட்டு நடந்த ஒரே ஜீவன் அவன்தான்.

“குக்க உண்டே வத்தம்மா”, நாய் இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோக்காரர்கள் போய்விடுவார்கள். ஹோட்டல்களில் வாசலோடு சரி. அக்கா அலட்டிக்கொள்ளவில்லை.

“ஆட்டோ வாணாம் தம்பி. இவன் இருந்தா நடந்தே பூடுவேன். ஒத்தாச பண்றேன்னு கைய புடிச்சி இழுத்துக்கினு போறாங்க பாரு, அவங்களுக்குத்தான் பயப்படுவேன்.”

அக்காவுக்கு ஆபத்து எங்களிடமிருந்துதான் வந்தது. டைமண்டைப் பார்த்தால் நன்கொடையாளர்கள் உருகுகிறார்கள் என்று செயலாளர் கண்டுபிடித்தார். அதன்பிறகு எந்த விழாவானாலும் டைமண்ட் மேடையில் இருக்க வேண்டும். அக்கா வேண்டியதில்லை. அவர் மேடை ஏறி இறங்க நேரமாகிறதாம். காலையில் போய் நாயைக் கூட்டிவருவதும், சாயங்காலம் கொண்டுபோய் விடுவதும் நான். எந்த விழாவுக்கு என்று அக்காவிடம் சொல்லி, தேதியோடு ஒரு நோட்டில் குறித்துக்கொள்வேன். அன்றைக்கெல்லாம் அக்கா பழைய குச்சியைத் தட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். நான் மேடைக்குக் கீழே உட்கார்ந்து, ‘இருளில் நடந்தவருக்கு ஒளி தந்தோம்’ என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

விழாவுக்கு வந்தவர்கள் தடவிக் கொடுத்தார்கள், லட்டு ஊட்டினார்கள். வேலைக்கான தோல்பட்டை மாட்டியிருக்கும்போது நாயைத் தொடக்கூடாது என்பது விதி. அந்த விதியைத் துண்டறிக்கையில் அச்சடித்தவனே நான்தான்.

நாலு மாதத்தில் டைமண்டுக்கு மனிதர்கள் என்றால் லட்டு என்று ஆகிவிட்டது. ஒரு காலையில் இனிப்புக் கடையைப் பார்த்ததும் குறுக்கே இழுத்தான். அக்கா திறந்துகிடந்த சாக்கடையில் விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது.

அக்கா நாயைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்று செயலாளர் கமிட்டியைக் கூட்டினார். திரும்ப வாங்கி ஆபீஸிலேயே வைத்துக்கொள்வதாகத் திட்டம். அறிக்கையை எழுதியது யார் என்று நீங்கள் கேட்க வேண்டாம்.

மாவுக்கட்டோடும் டைமண்டோடும் அக்கா வந்தார். கூட்ட அறையில் புதுக் கம்பளம். நாயை வெளியே கட்டச் சொன்னார் செயலாளர்.

“அவன் வெளிய இருந்தா நானும் வெளியதான் சார் இருப்பேன்” என்று அக்கா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். கமிட்டி எழுந்து வாசலுக்கு வர வேண்டியதாயிற்று.

“தம்பி, இவன கூட்டிக்கினு போனதுக்கெல்லாம் நோட்டுல எழுதி வெச்சிகினு கீறியே, எட்துக்கினு வந்து படி.”

எடுத்து வந்து படித்தேன். ஆண்டு விழா, கடைத் திறப்பு, பிறந்தநாள், மறுபடி கடைத் திறப்பு. “அன்னிக்கு நான் எப்பிடி வேலைக்குப் போனேன்னு அதுல கீதா?” என்று அக்கா ஒரு தடவை கேட்டார். இல்லை என்றேன். கமிட்டியில் இருந்த நகைக்கடைக்காரர், தன் மகளின் நிச்சயதார்த்தத்தை நான் படிக்கும்போது செருப்பைத் தேடத் தொடங்கியிருந்தார்.

நாய் அக்காவோடு போனது. அடுத்த மாதத்திலிருந்து நான் வர வேண்டாம் என்றார்கள். அக்கா கட்டுப் பிரித்ததும் தினம் காலையில் டைமண்டை அதே இனிப்புக் கடை முன்னால் திரும்பத் திரும்ப நடத்தினார். அவன் கடைப் பக்கம் தலையைத் திருப்பாமல் போக ஒன்றரை மாதம் பிடித்தது. அதன்பிறகு ஏழு வருஷம் அவரைத் தினமும் வேலைக்குக் கூட்டிப்போனான்.

அந்த ஸ்தாபனம் இப்போது மரம் நடுகிறது. மரம் மேடையில் அசையாமல் நிற்கும். டைமண்ட் செத்தபிறகு இன்னொரு நாய்க்காக அக்கா எழுதிய மனுக்களுக்குப் பதிலே வரவில்லை. அவர் ஓய்வு பெற்றதோடு அந்த ஆபரேட்டர் வேலையையும் எடுத்துவிட்டார்கள். போன மாதம் பேசியபோது, வழி சொல்லும் செல்போன் வாங்கியிருப்பதாகச் சொன்னார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“வாய் ஓயாம பேசிக்கினே கீது தம்பி. நடுரோட்ல மாடு படுத்துக்கினு இருந்தா மட்டும் சொல்லமாட்டேங்குது. அவன் ஒண்ணும் பேசமாட்டான். நின்னுடுவான்.”