பாண் ஓட்டோவில் வெளியான அல்பம்

கடலுக்குப் போய்த் திரும்பாத என் அப்பாவுக்காக நான் எழுதிப் பாடிய பாட்டை அம்மா ஒருநாளும் முழுதாகக் கேட்டதில்லை. தொடங்கினாலே எழும்பிப் போய்விடுவா.

அந்தப் பாட்டோடு ராப், ரொக் என்று நானும் நண்பிகளும் சேர்ந்து செய்த முதல் அல்பத்தைத் தோட்டவெளி மாதா கோயில் மண்டபத்தில் வெளியிட்டோம். விடத்தல்தீவிலிருந்து அம்மாவும் வந்திருந்தா. பாட்டைப் போடப் போகும் நேரம் கரண்ட் நின்றுவிட்டது. காத்திருந்து களைத்த சனம் எழும்பத் தொடங்கியது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டபடி ஓட்டோவில் பேக்கரிப் பாண் விற்றுக்கொண்டு வந்த ஒருவர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, கரண்ட் இல்லையோ? என்ட ஸ்பீக்கர் பற்றரியில ஓடும். பாட்டைத் தாங்கோ, போடுறன்."

"உங்கட யாவாரம் கெட்டுப்போகுமே அண்ணா?"

"பாண் எங்கயும் ஓடாது. சனத்தைக் கூப்பிடுங்கோ."

எல்லோரும் வெளியே வந்து ஓட்டோவைச் சுற்றி நின்றார்கள். ராப் பாட்டுக்குப் பெடியள் கைதட்டினார்கள். அப்பாவின் பாட்டு வந்தபோது அம்மாவைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. அவ அசையவில்லை. முடிந்ததும் சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓட்டோவுக்குக் கிட்டப் போனா.

"தம்பி, அதை இன்னொருக்காப் போடுங்கோ."

அவர் திரும்பவும் போட்டார்.

இப்போது எங்கள் பாட்டுகளை வெளிநாட்டில் இருப்பவர்களும் கேட்கிறார்கள். ஆனாலும் புதுப் பாட்டு வெளிவரும் ஒவ்வொரு முறையும் நான் மனதுக்குள் முதலில் நன்றி சொல்வது அந்த அண்ணனுக்குத்தான். அம்மாவும் நானும் அப்பாவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கியது அந்தப் பின்னேரத்துக்குப் பிறகுதான்.