அப்பாவுக்கு ஒரு வாய்

போன பொங்கலன்று காலை, மலேசியாவின் கேமரன் மலையில் நாங்கள் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்துக் கோயில் திடலில் நடந்தது இது. உள்ளூர்த் தமிழ்த் தொலைக்காட்சியிலிருந்து ஒரு குழு நேரலையாக ஒளிபரப்ப வந்திருந்தது. மலையில் பொங்கல் வைப்பதைப் பற்றி ஐந்து நிமிடம் பேச ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டார்களாம். பள்ளியில் பாலர் வகுப்பு எடுப்பவள் ஆயிற்றே என்று கோயில் தலைவர் என்னைச் சொல்லிவிட்டார். மறுக்க எனக்கு வாய் வரவில்லை. பெரியவர்கள் கேட்டால் உடனே சரி என்றுவிட்டு, அப்புறம் உட்கார்ந்து கவலைப்படுவது என் வழக்கம்.

என் கணவர் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை செய்கிறார். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து போவார். மகளுக்கு அப்போது மூன்று வயது நிறையவில்லை. அவள் அறிந்த அப்பா பெரும்பாலும் கைப்பேசிக்குள் இருப்பவர். அவர் கடைசியாக வந்து போனதிலிருந்து, தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு மைலோ டின்னில் கைப்பேசியைச் சாய்த்து வைப்பேன். அவள் முதல் வாய்ச் சோற்றை எடுத்து, "அப்பா, ஆ" என்று அதன் முன் நீட்டுவாள். அவர் அங்கே வாயைத் திறந்து, மென்று விழுங்குவது போலச் செய்வார். பிறகு அந்த வாயை அவளே சாப்பிட்டுக்கொள்வாள்.

பொங்கலுக்கு வருவதாகத்தான் சொல்லியிருந்தார். கடைசியில் லீவு கிடைக்கவில்லை. நான் நேரலையில் பேசப் போகிறேன் என்றதும், "அது எங்க டீ பிரேக் நேரம்தான். கேண்டீன்ல உக்காந்து போன்ல பாக்கறேன், நல்லா பேசு" என்றார். அதிலிருந்து எனக்கு அந்த ஐந்து நிமிடமும் வேறாகிவிட்டது. முடிவில் யாருக்காவது வாழ்த்துச் சொல்லலாம் என்று குழுவினர் முன்பே தெரிவித்திருந்தார்கள். அதற்கு ஒரு வாக்கியம் தயார் செய்தேன். 'சிங்கப்பூரில் இருக்கும் என் கணவருக்கு வாழ்த்து. அடுத்த வருடம் பொங்கல் பானையை நீங்கள்தான் இறக்க வேண்டும்.' பாத்திரம் கழுவும்போதும் துணி காயப் போடும்போதும் இதையே சொல்லிப் பார்த்தேன். சில சமயம் அது அதிகப்படியாகத் தோன்றியது. சில சமயம் போதாது என்று தோன்றியது.

அன்று காலை பனி கோயில் கோபுரத்தை மறைத்துக்கொண்டு நின்றது. அவர் வாங்கித் தந்த அரக்குப் புடவையை உடுத்தினேன். மேலே ஸ்வெட்டர் போட்டால் புடவை தெரியாதே என்று ஸ்வெட்டரை எடுத்து வைத்துவிட்டேன். மாமியார் விடவில்லை. "போட்டுக்க லா. டீவில நீ நடுங்கிக்கிட்டு நின்னா, மருமகளுக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கிக் குடுக்க வக்கில்லைன்னு என்னத்தான் சொல்லுவாங்க" என்றார். போட்டுக்கொண்டேன். திடலுக்கு வந்ததும் மகளிடம், "அந்தப் பெரிய கேமரா வழியா அப்பா நம்மளப் பாப்பாரு. சமத்தா பாட்டிகூட நிக்கணும்" என்று சொல்லி வைத்தேன். அவள் என்னை விட்டுவிட்டுக் கேமராவையே பார்க்க ஆரம்பித்தாள்.

நிகழ்ச்சி நடத்தும் பெண் என்னைவிடச் சின்னவள். பட்டுப்புடவைக்குள் அவளும் நடுங்கிக்கொண்டிருந்தாள். "பசியாறிட்டீங்களா சிஸ்டர்? பயப்படாதீங்க லா, வீட்டுல பேசற மாதிரி பேசுங்க" என்றாள். கேமராவைத் தோளில் வைத்திருந்தவர் ஈப்போ நகரத்துக்காரர், பருமனான அண்ணன். அவர் கையை உயர்த்தினார். நேரலை தொடங்கிவிட்டது.

இந்த ஈரத்தில் விறகு பிடிக்காது, அதனால் ஒரு வாரத்துக்கு முன்பே அடுப்போரம் அடுக்கிக் காய வைப்போம் என்று சொன்னேன். அடுத்த கேள்விக்கும் அதையே சொன்னேன். மூன்றாவது கேள்விக்கும் விறகிலேயே போய் நின்றேன். "அப்ப பொங்கல்ல முக்கியமானது விறகுதான், இல்லீங்களா சிஸ்டர்?" என்று அந்தப் பெண் சிரித்துச் சமாளித்தாள். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். பிறகு அவள் கேட்டாள்: "வெளியூர்ல இருக்கற யாருக்காவது வாழ்த்துச் சொல்லணுமா?"

எதிரே கோயில் தலைவர், தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி, லயத்து வரிசை வீட்டுக்காரர்கள், மாமியார், எல்லோரும் நின்றார்கள். என் வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. இத்தனை பேர் முன்னால் கணவரைப் பற்றிப் பேசினால் என்ன நினைப்பார்கள் என்று ஒரு கணம் தயங்கினேன். "தோட்ட மக்கள் அனைவருக்கும் இனிய பொங்கல் வாழ்த்துகள்" என்று பள்ளி விழாவில் சொல்வதைப் போலச் சொல்லி முடித்துவிட்டேன். கேண்டீனில் அவர் அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்த நேரத்தில் மகள் பாட்டியின் கையிலிருந்து நழுவி வந்தாள். ஆறிய பொங்கல் ஒரு வாய் அவள் கையில் இருந்தது. என்னைத் தாண்டி நேரே கேமராவிடம் போய் அண்ணாந்து நின்று, "அப்பா, ஆ" என்றாள்.

நான் பதறி அவளைத் தூக்கப் போனேன். கேமராக்கார அண்ணன் ஒரு கையால் என்னை நிறுத்தினார். கேமராவோடு மெல்ல மண்டியிட்டு, அவள் உயரத்துக்கு இறங்கினார். அவள் பொங்கலைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா காணோம்" என்று என் பக்கம் திரும்பினாள்.

"இருக்காரு பாப்பா, சாப்பிடறாரு" என்றார் அந்த அண்ணன், முகத்தைக் கேமராவுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு. பிறகு மெல்லுவது போல ஒரு சத்தம் செய்தார்.

நேரலை முடிந்ததும் நான் மன்னிப்புக் கேட்டேன். "எனக்கும் வீட்டுல ஒண்ணு இருக்கு சிஸ்டர். வேலைன்னு நான் வீட்டுலயே தங்கறதில்ல" என்றபடி கண்ணாடியைத் துடைத்தார்.

கணவர் உடனே அழைத்தார். என் பேச்சைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "திரை முழுக்க அவ கைதான் தெரிஞ்சுது. கேண்டீன்லயே வாயத் திறந்துட்டேன். பக்கத்துல இருந்தவன் என்னடா ஆச்சுன்னு கேக்கறான்" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். சொல்லாமல் விட்ட வாக்கியத்தை அப்போது சொன்னேன். "இறக்கறேன் மா" என்றார்.

இரண்டு வாரம் கழித்து லீவு கிடைத்து வந்தார். அன்று இரவு மகள் வழக்கம்போல முதல் வாயை நீட்டினாள். அவர் நிஜமாகவே சாப்பிட்டுவிட்டார். அவள் தன் வெறும் கையைப் பார்த்தாள், அவர் வாயைப் பார்த்தாள். இத்தனை நாள் தன்னிடமே திரும்பி வந்த சோறு இன்று எங்கே போனது என்று அவளுக்குப் புரியவில்லை. பிறகு அவசரமாக அடுத்த வாயை எடுத்தாள். தட்டு காலியாகும் வரை அவருக்கே ஊட்டினாள்.

நான்கு நாளில் அவர் கிளம்பிவிட்டார். மைலோ டின்னும் கைப்பேசியும் பழையபடி மேசைக்கு வந்தன. இப்போதும் அவள் முதல் வாயை நீட்டுகிறாள், அவரும் மெல்லுகிறார். ஆனால் அதைத் தன் வாயில் போட்டுக்கொள்ளுமுன், அவர் வாங்கிக்கொள்வாரோ என்று அவள் கை கொஞ்சம் கூடுதலாகக் காத்திருக்கிறது. அன்று கேமரா முன் நின்று என்னால் சொல்ல முடியாமல் போனது, அந்தக் காத்திருப்பைத்தான் என்று இப்போது தோன்றுகிறது.