அண்ணன் வாசித்த அம்மாவின் அழுகை

அண்ணன் இல்லாமல் ஓராண்டு ஓடிவிட்டது. ஆராதனைக்கு வந்து இந்த நினைவு மலரை வாங்கிக்கொண்ட உங்களில் பலருக்கு அண்ணன் என்றால் ஒரே ஒரு மெட்டுதான் நினைவுக்கு வரும். கடற்கரை ஹோட்டலில் பொழுது சாயும் நேரத்தில் கிட்டாரில் அவர் வாசித்த மெட்டு. சிலர் அதை மொபைலில் ரிங்டோனாகவே வைத்திருக்கிறீர்கள். அந்த மெட்டு எங்கிருந்து வந்தது என்று சொல்லத்தான் தங்கையாகிய நான் இதை எழுதுகிறேன். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் வாசித்துச் சொல்லுங்கள்.

அண்ணன் தாராவியில் பிறந்தார். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். சர்ச்சில் பாடகர் குழுவுக்குக் கிட்டார் வாசிக்க ஆளில்லை என்று அண்ணனைப் பிடித்து உட்காரவைத்தார்கள். அதன்பின் கிட்டார் அவர் மடியைவிட்டு இறங்கவில்லை. மாட்டுங்காவில் கல்லூரியில் சேர்ந்தபோது ஜாஸ் கேட்கும் நண்பர்கள் கிடைத்தார்கள். பிறகு ஞானப்பாட்டுக்கு வாசிக்கும்போதும் இடையில் எதையாவது சொருகுவார். "தம்பி, ஆண்டவருக்கு அதெல்லாம் வேண்டாம்" என்று போதகர் சிரித்துக்கொண்டே சொல்வார்.

அண்ணன் கல்லூரியில் இருக்கும்போதே அப்பா மாரடைப்பில் இறந்துபோனார். போதகர் ஜெபிக்க நின்றுகொண்டிருந்தார். அம்மா அவரைக் கவனிக்கவில்லை. ஊர் வழக்கப்படி ராகம் போட்டு ஒப்பாரி வைத்து அழுதார். வேதக்காரர் வீட்டில் இது என்ன என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. அண்ணன் சவப்பெட்டியருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வேறு வருமானமில்லை. அண்ணன் படிப்பை விட்டுவிட்டு அந்தக் கடற்கரை ஹோட்டலின் ஜாஸ் குழுவில் சேர்ந்தார். கும்மியையும், எங்கள் பக்கத்துக் கோலாட்டமான களியலின் தாளத்தையும் ஜாஸோடு சேர்த்து வாசித்துப் பார்த்தார். யாரும் தட்டைவிட்டு நிமிரவில்லை. ஒருநாள் அம்மா அழுத ராகத்தை எடுத்து, அடியில் ஜாஸ் சுரக்கூட்டுகளைப் போட்டு வாசித்தார். அம்மாவின் குரல் உடைந்து இறங்கும் இடத்தில் கம்பியை விரலால் வளைத்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கரண்டியைக் கீழே வைத்தார்கள். இனி தினமும் அதை வாசிக்கவேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அன்றே அண்ணன் மாட்டிக்கொண்டார்.

அம்மாவுக்கு இது தெரியாது. ஒரு கிறிஸ்துமஸ் சமயத்தில் ஊழியர்களின் குடும்பங்களை ஹோட்டலுக்கு அழைத்திருந்தார்கள். அண்ணன் அந்த மெட்டைத் தொடங்கியதும் அம்மா கையிலிருந்த கேக்கைத் தட்டில் வைத்துவிட்டார். வாசித்து முடித்து அண்ணன் எங்கள் மேசைக்கு வந்தார்.

"ஏலே, இது ஒங்கப்பாவுக்கு நான் அழுததுல்லா?" என்று அம்மா கேட்டார்.

"ஆமாம்மா."

"சாப்புடுத எடத்துல வாசிக்கியே."

"விட மாட்டேங்காங்கம்மா. தெனமும் கேக்காங்க."

"வேற வாசியேன்."

"வேற என்ன வாசிச்சாலும் கடைசில அதத்தான் கேக்காங்க. நான் என்ன செய்ய?"

அம்மா கேக் தட்டை ஓரமாகத் தள்ளினார். பிறகு, "சரி, ஒன் பாடு. நான் செத்தா எனக்கும் அத வாசிச்சுராத" என்றார்.

அண்ணன் வேறு ஹோட்டல்களுக்கும் போய்ப் பார்த்தார். அங்கேயும் அந்த மெட்டுக்காகத்தான் கூப்பிட்டார்கள். என் கல்யாணம், அம்மாவின் வைத்தியம், மான்குர்த் வீடு எல்லாம் அதன் சம்பாத்தியம். அவருடைய கல்யாணப் பேச்சை எடுத்தால், "சாயங்காலம் வீட்டுல இல்லாதவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்று கேலியாகத் தட்டிக்கழிப்பார். ஒருமுறை மட்டும், "அப்பா செத்தத தெனமும் வாசிச்சுச் சாப்புடுதேன் பாத்துக்க" என்றார். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அந்த மெட்டு இல்லாமல் ஒரே ஒரு கச்சேரியாவது செய்யவேண்டும் என்பது அண்ணனின் ஆசை. மாட்டுங்காவில் ஒரு சிறிய அரங்கில் அதற்கு வாய்ப்புக் கிடைத்தது. களியல் தாளத்தில் அவர் அமைத்திருந்த புதிய இசையை அன்று வாசித்தார். அண்ணன் வாசித்து நான் கேட்டதிலேயே சிறந்தது அதுதான். நன்றாகக் கைதட்டினார்கள். உடனே பின்வரிசையிலிருந்து ஒருவர், "சார், வோ ஷாம்வாலா ஹோ ஜாயே" என்று அந்தச் சாயங்கால மெட்டைக் கேட்டார். அண்ணன் தலையை ஆட்டிவிட்டு அடுத்ததைத் தொடங்கினார். மறுபடியும் கேட்டார்கள், இம்முறை பல பேர். கச்சேரிக்கு ஏற்பாடு செய்தவர் மேடையேறி அண்ணனின் காதில் ஏதோ சொன்னார். அண்ணன் அந்த மெட்டை வாசித்தார். அரங்கமே எழுந்து நின்றது. திரும்பும் வழியில், டாக்ஸி செம்பூரைத் தாண்டும்போது அண்ணன், "அவங்க காதுல வேற ஒண்ணும் விழ மாட்டேங்குது" என்றார்.

சில மாதங்களில், அப்பாவைப் போலவே, மாரடைப்பு. ஹோட்டலிலிருந்து திரும்பும்போது ரயிலில் சாய்ந்தவர், ஆஸ்பத்திரியில் கண் விழிக்கவே இல்லை.

மான்குர்த் வீட்டு வாசலில் பெட்டியை வைத்ததும் அம்மா மகனுக்காக அழத் தொடங்கினார். அவருக்கு வரும் ராகம் அது ஒன்றுதான். இரண்டு வரி பாடியிருப்பார். அஞ்சலிக்காக வாத்தியங்களோடு வந்திருந்த ஹோட்டல் குழுவினருக்கு மெட்டு பிடிபட்டது. அண்ணனின் இசையை அம்மா பாடுகிறார் என்று நினைத்துக் கண்ணீரோடு அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. அது ஒப்பாரி என்று அண்ணனும் அவர்களிடம் சொன்னதில்லை. அம்மா நிறுத்திவிட்டார். அவர்கள் நிறுத்தவில்லை. சிலர் மொபைலில் படம் எடுத்தார்கள். வாசித்து முடித்ததும் யாரோ கைதட்டினார்கள். அதற்குள் வண்டி வந்துவிட்டது.

அண்ணனை ரயிலிலிருந்து இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்த முகம் தெரியாத பயணிகளுக்கும், நெருளிலிருந்து வந்து எங்கள் வீட்டில் உலை வைத்த சித்திக்கும், டோம்பிவிலியிலிருந்து வந்திருந்த சபை மக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஹோட்டல் குழுவினருக்கும் நன்றி. அன்போடுதான் வாசித்தார்கள், நன்றாகவும் வாசித்தார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை என்று எழுதவேண்டும் என்று நினைத்திருந்தேன், எழுதிவிட்டேன்.

ஹோட்டலில் இப்போது தினமும் மாலையில் அண்ணன் வாசித்த பதிவைப் போடுகிறார்கள். நிறுத்தச் சொல்லிக் கேட்டோம். விருந்தினர்கள் விரும்பிக் கேட்கிறார்கள் என்று பதில் வந்தது.

துக்கத்தை உள்ளே வைத்திருக்கக் கூடாது, வாய்விட்டு அழுதுவிடு என்று சொந்தக்காரர்கள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். "எப்படி அழ? வாயத் தொறந்தா ஓட்டல் பாட்டுல்லா வருது" என்கிறார் அம்மா. பெற்ற மகனுக்கு அவர் இன்னும் அழவில்லை.