விட்ட தையலையும் சேர்த்துத் தைத்தவன்

நதியா அந்தப் பெயரை முதன்முதலில் கேட்டது, அவள் வேலை பார்த்த திருப்பூர் பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளில். இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம், ஆவணி பிறந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பாயர் அனுப்பிய பனியன் ஒன்றும், அதைப் பார்த்துக் கம்பெனியில் தைத்த பனியன் ஒன்றும் மேஜையில் அடுத்தடுத்துக் கிடந்தன. சாம்பிள் மாஸ்டர் ரத்தினசாமி இரண்டையும் மாற்றி மாற்றிப் புரட்டிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"பாயர் பீஸ்ல கழுத்துக்குப் பின்னாடி ஒரு தையல் விட்டுப்போயிருக்குதுங்க. நம்ம பீஸ்லயும் அதே எடத்துல விட்டிருக்குது பாருங்க. யாருங்க தச்சது இத?"

"இசக்கிமுத்துங்க" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

சாம்பிள் ரூமுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "அப்படியே வேணும், நூல் பிசகப்படாதுன்னு நீங்கதானே மாஸ்டர் சொன்னிய?"

செக்கிங் டேபிள் மொத்தமும் சிரித்தது. நதியாவும் சிரித்தாள். சிரித்தாலும் அவளுக்கு ஒரு யோசனை. அவள் ஊரான திசையன்விளைப் பக்கம் தெருவுக்கு நாலு இசக்கிமுத்து உண்டு. இவன் எந்த வீட்டு இசக்கிமுத்து என்று விசாரித்தாள். விசாரித்தால் சொந்தம் வந்து நின்றது. நதியாவின் பெரியம்மாவைக் கட்டியவர் ராக்கையா. அந்த ராக்கையாவின் கூடப்பிறந்த தங்கை மகன்தான் இவன். அப்படிப் பார்த்தால் கட்டுகிற முறை. மறு வைகாசியில் ராக்கையாவே முன்னால் நின்று கல்யாணத்தை முடித்துவைத்தார்.

இசக்கிமுத்துவோடு பிறந்தவர்கள் மூன்று பேர். மூத்தவள் வெள்ளையம்மாள், மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் உதவி வேலை. அடுத்தவன் அழகுமலை, பம்பாயில் இட்லி வியாபாரம். மூன்றாவது இவன். கடைக்குட்டியை எல்லாரும் சின்னான் என்றே கூப்பிடுவார்கள்; அவன் மட்டும் ஊரில் செல்போன் கடை வைத்திருந்தான். இரண்டாயிரத்து ஐந்தில் அவர்கள் அம்மா தவறிப்போனாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மத்தியானம், நாலு பேரும் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டுத் தாயம் ஆட உட்கார்ந்தார்கள். துக்க வீட்டில் ஆட்டமா என்று யாரும் கேட்கவில்லை. அம்மாவும் தாயக்காரிதான். ஆட்டம் பாதியில் இருக்கும்போது அழகுமலைக்கு பஸ் வந்துவிட்டது. காய்களை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார்கள். அதற்குப் பிறகு நாலு பேரும் ஓரிடத்தில் கூடவே இல்லை.

அந்தப் பாதி ஆட்டம் இசக்கிமுத்துவைப் பிடித்துக்கொண்டது. அதற்குள் கம்பெனியில் அளவு வெட்டுவதற்குக் கம்ப்யூட்டர் வந்து, கைவாகு தெரிந்தவன் என்று இவனை அதில் உட்காரவைத்திருந்தார்கள். மவுஸைப் பிடித்துப் பழகியவன், சாயங்கால வகுப்பில் சேர்ந்து வெப் பக்கம் செய்யவும் படித்தான். பத்து மாதத்தில் ஒரு தாயப் பலகை செய்து நெட்டில் ஏற்றினான். நாலு பேர் நாலு ஊரிலிருந்து அதில் ஆடலாம். திரையில் நாலு நாற்காலி போட்டு, ஆள் வந்து உட்கார்ந்ததும் பெயர் எழுதுகிற ஏற்பாட்டை ஏதோ வெளிநாட்டுச் சீட்டு விளையாட்டைப் பார்த்து எடுத்தான். காய்களின் நாலு நிறத்தையும் அந்த சீசனுக்குக் கம்பெனியில் வந்த நிற அட்டையான ஷேடு கார்டிலிருந்து எடுத்தான். கிளிப்பச்சை கூட இல்லை, அதற்கும் பாசிக்கும் நடுவில் ஒரு பச்சை.

ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்கு மோகன்ராஜின் பிரவுசிங் சென்டரில், மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் புருஷனும் பெண்டாட்டியும் உட்காருவார்கள். அக்கா மஸ்கட்டில், அண்ணன் பம்பாயில், தம்பி ஊரில். ஆடியதெல்லாம் புது ஆட்டம்; அந்தப் பாதி ஆட்டத்தை எடுக்கலாம் என்று இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை. லைன் வீட்டுச் சனம் இதைப் பார்த்துவிட்டு, துபாயில் இருக்கிற தங்கள் ஆட்களோடு ஆட ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை முப்பது பலகை ஓடியது. ஒரு குறை, எதிராளி காய் நகர்த்தியதைப் பார்க்க ஒவ்வொரு தடவையும் ரிஃப்ரெஷ் பொத்தானைத் தட்ட வேண்டும்.

"ஏனுங்க இசக்கி, கீபோர்டுல அந்த ஒரு கட்டையில மட்டும் எழுத்தே அழிஞ்சு போச்சுங்க" என்பான் மோகன்ராஜ். "உங்க அக்காகிட்டச் சொல்லி மஸ்கட்டுல இருந்து ஒண்ணு கொண்டாரச் சொல்லுங்க."

இரண்டாயிரத்து ஏழு ஆனியில் ஒரு ஞாயிறு. இவன் உட்கார்ந்தான். மற்ற மூன்று நாற்காலியும் காலி. தட்டினான், தட்டினான், மூன்று மணி ஆயிற்று. ஒருவரும் வரவில்லை. மறுநாள் அக்காவே போன் போட்டாள். நதியாவும் காதை ஒட்டிவைத்துக் கேட்டாள்.

"ஏல இசக்கி, கோவப்படாத. பெருமாநல்லூர்க்காரன் ஒருத்தன் புதுசா பலகை போட்டிருக்கான். அதுல எழுதிப் பேசிக்கிட்டே ஆடலாம்ல. உன் பலகையில ஊமையாட்டம்லா உக்காந்திருக்கணும்? அழகுமலையும் சின்னானும் அதுலதான் இருக்கானுவ. நாலாவது ஆளுக்கு யாரோ ஒரு தேனிக்காரர உக்கார வச்சிருக்கோம். நீயும் வந்துரு."

"என் எடத்துல தேனிக்காரனா?"

"நல்ல மனுசன்ல. உன்ன மாதிரி அழுகுணி ஆட்டம் ஆடல."

அந்தப் பலகையைப் போய்ப் பார்த்தார்கள். செய்தவன் பெயர் ஜெபக்குமார் என்று கீழே போட்டிருந்தது. நாலு நாற்காலி. நாலு நிறம். அதே பச்சை, கிளிப்பச்சைக்கும் பாசிக்கும் நடுவில். இசக்கிமுத்துவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"திருட்டுப்பய. நிறத்தைக்கூட மாத்தல பாரு."

"நாற்காலி யாருகிட்ட எடுத்திய?" என்றாள் நதியா.

அவன் அந்தப் பச்சைக் காயையே மறுபடியும் சுட்டிக் காட்டினான்.

"தாயம் உங்க பாட்டன் கண்டுபிடிச்சதா? ஷேடு கார்டு நீங்க போட்டதா? நம்ம ரெண்டு பேரும் சோறு திங்கிறதே அடுத்தவன் பனியனப் பிரிச்சுப் பாத்துத் தச்சுத்தான். திருட்டுன்னா போலீசுக்குப் போங்க. இல்லன்னா அவன் பலகையப் பிரிச்சுப் பாருங்க."

"அங்க போய் உக்காரவும் மாட்டேன், இங்க தனியா இருக்கவும் மாட்டேன். நாலு பேரும் என் பலகையில உக்காந்து, அம்மா காரியத்தன்னைக்கு விட்ட ஆட்டத்த முடிக்கணும்."

"அப்போ பிரிங்க."

பிரித்தான். மூன்று ஞாயிறு பொய்ப்பெயரில் ஜெபக்குமார் பலகையில் ஆடினான். கம்பெனி அளவுத்தாள் ஒன்றைக் கொண்டுவந்து, உடம்பு நீளம், கை நீளம் எழுதுகிற கட்டத்தில் எல்லாம் பலகையின் சங்கதியை எழுதினான். பேச்சுப் பெட்டி எங்கே இருக்கிறது, எத்தனை வரி தெரிகிறது, காய் வெட்டுப்பட்டால் என்ன சத்தம், தட்டாமலே பலகை எப்படித் தானாக மாறுகிறது, ஒன்று விடவில்லை. ஆறு வாரத்தில் தன் பலகையை அதே மாதிரி ஆக்கிவிட்டான். எழுத்து மட்டும் இன்னும் பெரிதாக, கண் மங்கியவர்களும் படிக்கிற மாதிரி. அது அவன் சொந்தச் சேர்மானம்.

அக்கா வந்து பார்த்தாள். எழுத்துப் பெரிதாக இருக்கிறது என்று சொன்னாள். அந்த ஒரு காரணத்துக்காகவே தம்பிமார் இருவரையும் இழுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். தேனிக்காரரும் கூடவே வந்து பக்கத்துப் பலகையில் உட்கார்ந்தார்.

அத்தோடு கதை முடிந்திருக்கும். ஆனால் இரண்டாயிரத்து எட்டில் கரண்ட் பஞ்சம் வந்தது. திருப்பூரில் இத்தனை மணிக்குப் போகும் என்று சொல்வார்கள், அதற்கு முன்னாலேயே போகும். மோகன்ராஜ் கடை பேட்டரி பத்து நிமிஷம் தாங்கும். ஒரு ஞாயிறு, பாதி ஆட்டத்தில் கடையே இருட்டிவிட்டது. ஒன்றரை மணி நேரம் கழித்து வெளிச்சம் வந்து பார்த்தால், பலகை அப்படியே நிற்கிறது. இசக்கிமுத்துவின் முறை. மற்ற மூவரும் இவனுக்காகக் காத்துக் காத்து எழுந்து போய்விட்டார்கள். பேச்சுப் பெட்டியில் அக்கா எழுதியிருந்தாள்: "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நான் வரமாட்டேன். டூட்டிக்கு முந்தி எனக்குக் கெடைக்கதே ரெண்டு மணி நேரம். அத உன் காலி நாற்காலியப் பாக்கதுக்கா செலவழிக்க?"

அடுத்த ஞாயிறும் கரண்ட் போனது. அதற்கு அடுத்த ஞாயிறு அக்கா வரவில்லை.

நதியா அன்றைக்குத்தான் செக்கிங்காரியாக அந்தப் பலகை முன்னால் உட்கார்ந்தாள். அதுவரை அவன் அவளிடம் சரிபார்க்கச் சொன்னதே இல்லை.

"உங்க பழைய பலகையில ஆள் இல்லன்னா தானா அடுத்த ஆளுக்கு முறை போகும்லா? அத ஏன் எடுத்துட்டிய?"

"அவன் பலகையில அது இல்லையே."

"அவன் பலகையில கரண்ட் போனா?"

"அங்கயும் நிக்கும்."

நதியா அவனையே பார்த்தாள். "அன்னைக்கு அந்தப் பனியன்ல விட்ட தையலையும் சேத்துத் தச்சியளே, அது மாதிரி."

இசக்கிமுத்து தன் கழுத்துக்குப் பின்னால் தடவிக்கொண்டான். பிறகு சிரித்துவிட்டான். பழையபடி அடுத்த ஆளுக்குப் போகிற மாதிரி மாற்றிவிடுகிறேன் என்றான். நதியா அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. கரண்ட் போனது ஒருத்தன் குற்றமா, அவன் திரும்பி வருவதற்குள் மற்றவர்கள் பழம் ஏறி உட்கார்ந்திருந்தால் அவனுக்கு எரியாதா என்றாள். பிறகு கம்பெனித் தையல் லைனில் நடப்பதைச் சொன்னாள். பனியனுக்குக் கை வைத்துத் தைக்கிறவள் தண்ணீர் குடிக்க எழுந்தால், அவள் மிஷின் சும்மா நிற்காது. சும்மா நிற்கிற ஒருத்தி வந்து மாத்தாளாக உட்கார்ந்து தைப்பாள். உரியவள் வந்ததும் எழுந்துவிடுவாள். லைன் நிற்காது, துணியும் தேங்காது.

"நம்ம பலகைய வேடிக்கை பாக்கவே பாதிப் பேரு வாரான்லா? அதுல ஒருத்தன மாத்தாளா உக்கார வைங்க."

ஒரு மாதம் ஆயிற்று அதைச் செய்ய. ஆளில்லாத நாற்காலியில் வேடிக்கை பார்ப்பவர் யாராவது உட்கார்ந்து ஆடலாம். உரியவர் வந்ததும் நாற்காலி அவருக்குத் தானாகத் திரும்பிவிடும். அக்காவுக்குப் போன் போட்டான். இதுதான் கடைசி, அந்தப் பாதி ஆட்டத்தை மட்டும் முடிப்போம், இனிக் கூப்பிடமாட்டேன் என்றான். சரி என்றாள். அம்மா காரியத்தன்று காய்கள் எந்தெந்தக் கட்டத்தில் நின்றன என்று நாலு பேரும் நினைவுபடுத்திச் சொன்னார்கள். அழகுமலை மட்டும் தன் காயை இரண்டு கட்டம் முன்னால் சொன்னான். சின்னான் விடவில்லை. பின்னால் தள்ளினார்கள். அந்த இடத்திலிருந்தே ஆட்டம் தொடங்கியது.

இருபது நிமிஷம். கடை இருட்டியது. பேட்டரியும் அடங்கியது. இசக்கிமுத்து வெளியே போகவில்லை. அணைந்த திரை முன்னாலேயே உட்கார்ந்திருந்தான். மோகன்ராஜ் டீ வாங்கி வந்தான். "குடிங்க இசக்கி. அக்கா எங்கீங்க போயிருவாங்க?" என்றான். டீ ஆறியது.

வெளிச்சம் வந்ததும் முதலில் பார்த்தவள் நதியாதான். ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் இருந்தார்கள். இவன் நாற்காலியில் யாரோ உட்கார்ந்து இரண்டு காயைப் பழம் ஏற்றியிருந்தார்கள். பேச்சுப் பெட்டியில் அக்கா எழுதியிருந்தாள்: "மாத்தாளு யாருன்னு தெரியல, எங்க தம்பிய விட நல்லா ஆடுதிய. போயிராதிய."

அதற்குப் பதில் கீழே இருந்தது. "நன்றிக்கா. நான் பெருமாநல்லூர் ஜெபக்குமார். எப்படிச் செஞ்சிருக்காருன்னு சும்மா பாக்க வந்தேன். ஆள் இல்லாம நின்னுச்சு, உக்காந்துட்டேன்."

இசக்கிமுத்து வந்ததும் நாற்காலி இவன் பெயருக்கு மாறியது. இவன் கட்டையில் கை வைத்து, எழுத்துத் தேடித் தட்டினான்: "பாத்து முடிச்சாச்சா?"

"பாத்தாச்சு. ரெண்டு வாரத்துல எங்க பலகையிலயும் வந்துரும்."

"வரட்டும். தச்சு முடிச்சதும் சொல்லும். பிரிச்சுப் பாக்க நான் வாரேன்."

அந்த ஆட்டத்தில் ஜெயித்தது சின்னான். தன் காயைப் பின்னால் தள்ளினதைச் சொல்லிச் சொல்லி அழகுமலை இன்னும் சண்டை போடுகிறான்.

ஜெபக்குமார் சொன்னபடியே செய்தான். அவன் பலகையில் இன்னொன்றும் சேர்த்திருந்தான்: எழுந்து போகிறவர் தன் மாத்தாள் யார் என்று முன்கூட்டியே பெயர் சொல்லிவிட்டுப் போகலாம். இசக்கிமுத்து அதைப் பத்து நாளில் எடுத்துக்கொண்டான். எடுக்கும்போது, ஒரே ஆள் இரண்டு பலகையில் மாத்தாளாக உட்கார்ந்து தடுமாறுகிற கோளாறு அதில் இருப்பதை நதியா கண்டுபிடித்தாள். பழுதான துணியில் ஒட்டுகிற அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றைக் கம்ப்யூட்டர் திரையிலேயே ஒட்டிவிட்டாள். அதைச் சரிசெய்த பிறகுதான் பலகை நெட்டில் ஏறியது. ஜெபக்குமார் அந்தத் திருத்தத்தையும் எடுத்துக்கொண்டான். இரண்டு பேரும் நேரில் பார்த்துக்கொண்டது ஒரே தடவை, பெருமாநல்லூரில் ஜெபக்குமார் கல்யாணத்தில். கைகுலுக்கிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார்கள்.

இது இரண்டாயிரத்து ஒன்பது. இசக்கிமுத்து அதே கம்பெனியில் அளவு வெட்டுகிற பேட்டர்ன் கம்ப்யூட்டரில் இருக்கிறான். ஞாயிறு இரண்டு மணிக்கு மோகன்ராஜ் கடையில் மூன்றாம் நம்பரில் உட்காருகிறான். மாத்தாள் என்று எழுதுகிற இடத்தில் ஜெபக்குமார் பெயரை எழுதிவைத்திருக்கிறான்.