மைக்கும் என் நாத்தனாரும்

மேடையில் நின்று ஜோக் சொல்லும் தொழிலில், சிரித்தவர் முகம் மறந்துபோகும். சிரிக்காதவர் முகம் மறுநாள் சட்னி அரைக்கும்போதுகூட எதிரே வந்து நிற்கும். நாலு பேருக்குச் சமைத்துப் போட்டுவிட்டு ஒரு 'நல்லாயிருக்கு' வராதா என்று பார்த்திருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

டார்ச் வெளிச்சம்

அல்சூரில் ஒரு காபிக் கடை மாடி. சனிக்கிழமை மாலைகளில் பெயர் கொடுத்த யாரும் மைக்கைப் பிடிக்கலாம், ஆளுக்கு ஐந்து நிமிடம். வீட்டில் என் பேச்சைக் கேட்கக் குக்கர் மட்டுமே மிச்சமிருந்ததால் நானும் பெயர் கொடுத்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே பின்வரிசையில் யாரோ செல்போன் டார்ச்சை என் கண்ணுக்கு நேரே ஆட்டினார்கள். கான்வென்டில் படித்தவள் சும்மா விடுவேனா? "யாரது? அணைச்சிட்டு ஒழுங்கா உட்காருங்க!" என்றேன். அணைந்தது. பதினோரு நிமிடம் பேசினேன்.

இறங்கியதும் நிகழ்ச்சி நடத்தும் பிரகாஷ் கைகட்டி வந்து நின்றார். "மேடம், டைம் முடிஞ்சுதுன்னு நாங்கதான் லைட் அடிச்சோம். நீங்க போட்ட அதட்டல்ல ஆடியன்ஸ்ல நாலு பேர் போனையே ஆஃப் பண்ணிட்டாங்க."

ஃப்ரீசர் பெட்டி

என் கணவரின் பெரியப்பா மகா சிக்கனக்காரர். மே மாதத்திலும் ஃபேன் போட விடமாட்டார். அவர் இறந்தபோது, ஃப்ரீசர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று என் நாத்தனார் ரீட்டா என் காதில் சொன்னாள்: "பாவம், வாழ்க்கையில முதல் தடவையா ஏசி அனுபவிக்கிறார். அதுவும் மூடி போட்டு."

அதை மேடையில் சொன்னேன். அப்படி ஒரு சிரிப்பை நான் அதுவரை வாங்கியதில்லை. வீடியோ குடும்ப வாட்ஸ்அப்பில் சுற்றியது. ஞாயிறு பூசை முடிந்து ஆப்பம் சாப்பிட வரும் ரீட்டா, மூன்று ஞாயிறாக வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. கிறிஸ்துமஸ் வேறு நெருங்குகிறது. எங்கள் வீட்டில் கல்கல் என்ற இனிப்புப் பலகாரம் சுடுவது அவள் கைதான். நான் சுட்டால் பல் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "செத்தவரே ஒண்ணும் சொல்லல. என் தங்கச்சி கோவிச்சுக்கிட்டா."

ஸ்காட்லாந்துக்காரர்

ஸ்காட்லாந்திலிருந்து ஒரு காமெடியன் எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தார். முப்பது வருஷமாக மேடை, நடுநடுவே புத்தகங்கள். கான்வென்ட் இங்கிலீஷ் என்று என்னை முன்வரிசையில் உட்காரவைத்து மொழிபெயர்க்கச் சொன்னார்கள். சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் வேறு, அவர் பேசியது வேறு. மூன்று வார்த்தைக்கு ஒன்று பிடிபட்டது. மீதியை நானே போட்டு நிரப்பினேன்.

வந்ததுதான் வந்தார் என்று, ரீட்டா விஷயத்தையும் கேட்டுவிட்டேன். எனக்குப் புரிந்த வரையில் அவர் சொன்னது: "என் மாமியார் எட்டு வருஷம் என்னோட பேசல. அந்த நிம்மதியிலதான் ரெண்டு புத்தகம் முடிச்சேன்."

மூன்றாம் வரிசை

எனக்குப் புத்தகம் வேண்டாம், கல்கல் வேண்டும். அடுத்த சனிக்கிழமை கணவர் எப்படியோ ரீட்டாவைக் கூட்டிவந்துவிட்டார். நான் பெரியப்பாவைத் தொடவே இல்லை. கூட்டம் மரியாதைக்குச் சிரித்தது.

படியில் ரீட்டா என்னை மறித்தாள். "அந்த ஜோக்க ஏன் சொல்லல?"

"உங்க பெரியப்பாவாச்சே, உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்..."

"பெரியப்பா கிடக்கட்டும் அண்ணி. பெட்டிகிட்ட நின்னு சொன்னது யாரு? நானு. 'நான் சொன்னேன்'னு சொல்லி நீங்க கைதட்டு வாங்கிட்டீங்க!"

மேடைக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். ஊரில் யார் சொன்னதும் மைக்குக்கு முன்னால் நாம் சொன்னதாகிவிடும். அதற்கு அடுத்த வாரம் மைக்கைப் பிடித்து, "இது என் நாத்தனார் ரீட்டா சொன்னது" என்று ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் மூன்றாம் வரிசையிலிருந்து குரல்: "'அதுவும்'னு சொல்லி ஒரு நிமிஷம் நிறுத்தணும் அண்ணி, கெடுத்துட்டீங்களே!"

ஊரைச் சிரிக்க வைக்க எனக்கு ஐந்து நிமிடம் போதும், ஆனால் நாத்தனார் கல்கல் மாவில் கை வைக்க வேண்டுமானால் கைதட்டலை அவள் பக்கம் திருப்பிவிட வேண்டும்.