ஈரத் துணியும் ஒரு அணுத் தாளும்

தரை துடைக்கிற வேலையில் ஒரு வசதி உண்டு, நன்றாகச் செய்தால் யார் கண்ணிலும் படாது. வாளியும் மாப்புமாகப் பிழைக்கிற உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆம்பூரில் ஒரு டேனரியில் பச்சைத் தோலுக்கு உப்புப் போட்டு என் பிள்ளைகளை ஆளாக்கினேன். இப்போது வேலூரில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் துப்புரவு வேலை.

தெரியாத தாள்

அங்கே நஸ்ரீன் என்ற பெண் பிஎச்.டி. செய்கிறாள். எங்கள் ஆம்பூர்ப் பிள்ளைதான். ஒரே ஒரு அணு தடிமனுள்ள தாளைச் சிப் என்கிற சின்னச் சில்லில் ஒட்டி, அதில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று அளப்பாள். ஒரு நாள் மைக்ராஸ்கோப்பில் என்னைப் பார்க்கச் சொன்னாள். "ஒண்ணும் தெரியல கண்ணு" என்றேன்.

"நெஜத்தைச் சொன்னது நீங்கதாம்மா. நேத்து வந்து பார்த்தவங்க எல்லாரும் ஆஹான்னாங்க. அப்பவும் நான் சில்லு வெக்கல."

உப்பு நடக்கிற வேகம்

அந்தத் தாளின் மேல் பிசின் மாதிரி ஒன்றைத் தடவுவாள். பாலிமரில் உப்பைக் கரைத்தது. மின்சாரம் கொடுத்தால் உப்பின் துகள்கள் மெல்ல நகர்ந்து தாளின் மேல் போய் அடையுமாம். அவை இழுக்கிற இழுப்பில் தாளுக்குள் மின்னூட்டம் கூடுமாம். அப்படியே குளிரவைத்தால் துகள்கள் நின்ற இடத்தில் உறைந்துவிடும், மின்னூட்டமும் போகாது. துகள்கள் போய்ச் சேருகிறவரை கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பாள். வேலையா சும்மாவா என்று கேட்டேன்.

"உப்பு நடந்துனு இருக்கும்மா. அதுக்கு பஸ்ஸு கெடைக்கல."

மூன்று வட்டம்

நாலு மாதமாகச் சில்லுகள் கெட்டுக்கொண்டே இருந்தன. வியாழக்கிழமை வெளியூரிலிருந்து பரிசோதகர் வருகிறார். வேலை செய்கிற சில்லு ஒன்றாவது காட்டாவிட்டால் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும். கையில் மிச்சம் ஒரே ஒரு சில்லு. சோளிங்கர் மலை ஏறுவதாக நரசிம்மரிடம் வேண்டிக்கொண்டேன். என்னால் ஆன உதவி என்று, ஒரு தடவை துடைக்கிற தரையை இரண்டு தடவை துடைத்தேன்.

திங்கட்கிழமை அவள் நோட்டுத் திறந்து கிடந்தது. சில்லு ஒழுங்காக வேலை செய்த நாட்களை மட்டும் வட்டம் போட்டிருந்தாள். மூன்றே வட்டம். மூன்றும் மகள் பிரசவத்துக்காக நான் ஆலங்காயத்தில் லீவில் இருந்த நாட்கள். ஈரக்காற்று அடித்தால் டேனரியில் உப்புத் தோல் தானாக நீர் விடும். அது நினைவுக்கு வந்ததும் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தேன்.

சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் சாமிக்குத் தெரியும். "பாப்பா, நான் துடைக்கிற ஈரத்தை உன் உப்பு குடிக்குது போல" என்றேன். காற்றுப் புகாத பெட்டி ரிப்பேரில் கிடந்ததால் அவள் அந்தப் பிசினைத் திறந்த அறையிலேயேதான் தடவிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்த் தன் பேராசிரியரைக் கூட்டி வந்தாள். அவர் நோட்டையும் என் வாளியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"மெஷினைச் சந்தேகப்பட்டேன், கெமிக்கலைச் சந்தேகப்பட்டேன், இந்தப் பொண்ணைக்கூடச் சந்தேகப்பட்டேன். வாளியை விட்டுட்டேனேம்மா."

வியாழக்கிழமை

துடைத்தால் ஈரம், பெருக்கினால் தூசி, இரண்டும் வேண்டாம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். மூன்று நாள் வராந்தாவில் நின்று சாமி பேரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசிச் சில்லில் உப்பு நடந்தது, உறைந்தது, மின்னூட்டம் போகாமல் நின்றது. பரிசோதகர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். நஸ்ரீன் ஒன்றுக்கும் தடுமாறவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, கீழே விழுந்த பேனா மூடியை எடுக்க அவர் குனிந்தார். நிமிர்ந்தபோது விரலில் கறுப்பாகத் தூசி.

"வேலை ரொம்ப நல்லாருக்கும்மா. இந்த ரூமைப் பெருக்க ஆளே இல்லையா?"

இத்தனை வருஷம் துடைத்து ஒருவர் கண்ணிலும் படாத நான், மூன்று நாள் துடைக்காமல் இருந்துதான் ஒரு பிள்ளைக்குப் பட்டமும் எனக்கு ஒரு கெட்ட பெயரும் வாங்கிக் கொடுத்தேன்.