பினிஷிங்காரர் கைபட்ட செம்பருத்தி

சலூன்காரருக்குத் தெருவில் ‘பினிஷிங்’ என்றுதான் பெயர். முடியைக் கால்மணி நேரத்தில் வெட்டிவிடுவார். அதற்கப்புறம் காதோரம் இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு என்று உயிரை எடுப்பார். ‘சும்மா ஓரத்தைத் தட்டிவிடுங்க’ என்று உட்கார்ந்தவர்கள் பலர், எழுந்து போய்த் தொப்பி வாங்கியிருக்கிறார்கள். மனிதர் தங்கமானவர், கைதான் சொன்ன பேச்சு கேட்காது.

அப்பேர்ப்பட்டவரிடம் வாசல் செம்பருத்தியை ஒப்படைத்துவிட்டு அவர் மனைவி அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள். திரும்பும்போது அண்ணியும் கூட வருகிறாள். செடி பூத்துக் குலுங்குவதைப் பற்றி அண்ணியிடம் போனில் ஒரே அளப்பு. இப்போது நேரில் காட்டியே தீரவேண்டும்.

“உள்ள நெருக்கமா இருக்கிற பழைய கிளைய மட்டும் அடியோட எடுங்க. நுனியில கைய வைக்காதீங்க, மொட்டெல்லாம் அங்கதான் இருக்கு. வெட்டினதே தெரியக்கூடாது” என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

அவரும் சமர்த்தாக அப்படியே செய்தார். கிளைகள் தம் போக்கில் வளைந்து நின்றன, உள்ளே காற்று புகுந்து போனது. அழகாகத்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு வாத்தியார் வந்து, “செடிய எப்ப வெட்டப் போறீங்க?” என்று கேட்டுத் தொலைத்தார்.

பாவி மனுஷன், வாயை மூடிக்கொண்டு போயிருக்கக்கூடாதா? சலூன்காரருக்குச் சுருக்கென்றது. செய்த வேலை கண்ணுக்கே தெரியாவிட்டால் தொழில்காரனுக்கு என்ன மரியாதை? இடப்பக்கம் லேசாகத் தூக்கி நின்றதைத் தட்டினார். இப்போது வலப்பக்கம் உயரமாகத் தெரிந்தது. அதையும் தட்டினார். செடி பந்தானது, பந்து சுருங்கியது, கடைசியில் முழங்கால் உயரத்துக்குக் குச்சிகள் மிஞ்சின. மருந்துக்கும் ஒரு மொட்டு இல்லை.

மறுநாள் வண்டி வந்து நின்றது. மனைவி இறங்கிச் செடியைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். பூச்சி விழுந்துவிட்டது என்று ஒரு பொய்யை அவர் தயாராக வைத்திருந்தார்.

“எங்கேம்மா அந்தச் செம்பருத்தி?” என்றாள் அண்ணி.

“இதுதான் அண்ணி. நான்தான் ஒட்ட வெட்டச் சொன்னேன். அவருக்கு மனசே வரல” என்றாள் மனைவி.

வசவு வாங்கத் தயாராக நின்றவருக்கு இது தாங்கவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பையை வாங்கக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை, தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.